தூரத்தில் பெல்லட்டுக்கு எவ்வளவு மிச்சம்?

ஏர்கன் வாங்கப் போகிற எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை எஃப்.பி.எஸ். வரும்?" என்பதுதான், அதாவது பெல்லட் என்கிற அந்தச் சின்னக் குண்டு வினாடிக்கு எத்தனை அடி வேகத்தில் போகும் என்று. கடைக்காரரும் பெட்டியைத் திருப்பி அதில் அச்சடித்திருக்கிற எண்ணைக் காட்டுவார். 1000 என்றோ 1200 என்றோ இருக்கும், வாங்குகிறவருக்கும் திருப்தி, விஷயம் அதோடு முடிந்துவிடும். எனக்கு அந்த எண்ணின் மேல் பெரிய மதிப்பு கிடையாது. பெரும்பாலும் அது, கிடைப்பதிலேயே இலேசான பெல்லட்டைப் போட்டு, குழலின் முனையிலேயே அளந்து எடுத்தது. நாம் யாரும் முனையில் வைத்துச் சுடுவதில்லை. 25 மீட்டரில் தொங்குகிற இரும்புத் தகட்டிலோ 50 மீட்டரில் ஒட்டிய காகிதத்திலோதான் சுடுகிறோம். அங்கே போய்ச் சேரும்போது பெல்லட்டிடம் எவ்வளவு வேகம் மிச்சம், எவ்வளவு ஆற்றல் மிச்சம் என்று தெரியாமல் ஒரு துப்பாக்கியைப் பற்றி என்ன பேசுவது?

இதை அளக்க லட்ச ரூபாய்க் கருவி எதுவும் வேண்டாம் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கையில் இருக்கிற போன், ஒரு இரும்புத் தகடு, ஒரு டேப், நகைக்கடைத் தராசு, பிளஸ் ஒன் இயற்பியல். இவ்வளவு போதும். நான் சுடுவது கன்னியாகுமரி மாவட்டத்தில் தோவாளைப் பக்கம் சித்தப்பாவின் தென்னை விளையில் (தோப்பில்). துப்பாக்கி, குழலை மடக்கி லோடு செய்கிற ஸ்பிரிங் வகை, 4.5 மில்லிமீட்டர். அதாவது எல்லோரும் அங்குலக் கணக்கில் .177 என்று சொல்கிற அதே அளவு.

முதலில் கணக்கு. ஆற்றல் என்பது எடையின் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் வருவது. எடை கிலோகிராமில், வேகம் வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று போட்டால் விடை ஜூலில் வரும். பெட்டியில் இருக்கிற அடிக் கணக்கை 0.3048-ஆல் பெருக்கினால் மீட்டர். 1000 எஃப்.பி.எஸ். என்பது கிட்டத்தட்ட 305 மீட்டர். வேகம் இருமடியாக வருகிறது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. வேகத்தில் பத்து சதவீதம் போனால் ஆற்றலில் பத்தொன்பது சதவீதம் போய்விடும். தூரத்தில் அளப்பது இவ்வளவு முக்கியமாவதற்குக் காரணமே அந்த இருமடிதான்.

எடைக்கு டப்பாவின் மேல் போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். 8.44 கிரெய்ன் என்றால் 0.547 கிராம் (ஒரு கிரெய்ன் 64.8 மில்லிகிராம்). வீட்டில் இருக்கிற சாதாரண டிஜிட்டல் தராசு 0.01 கிராம் வரைதான் காட்டும். ஒரு பெல்லட்டை மட்டும் அதில் வைத்தால் இரண்டு சதவீதம் இப்படியோ அப்படியோ போகும். ஐம்பது பெல்லட்டை மொத்தமாக வைத்து ஐம்பதால் வகுத்தால் அந்தப் பிரச்சினை இல்லை. ஒவ்வொரு பெல்லட்டும் மற்றதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்க்க வேண்டுமென்றால் நகைக்கடைத் தராசுதான் சரி, அது ஒரு மில்லிகிராம் வரை காட்டும். நாகர்கோவிலில் எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் கேட்டேன், பவுன் நிறுக்கிற தட்டில் ஈயத்தை வைக்கலாமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு காகிதத்தை விரித்து வைக்கச் சொன்னார்கள். விலை குறைந்த டப்பாவில் ஒன்று 0.49, அடுத்தது 0.53 என்று குதிக்கிறது. நல்ல டப்பாவில் எல்லாம் சில மில்லிகிராமுக்குள் நிற்கிறது. 50 மீட்டரில் மேலும் கீழுமாகச் சிதறுவதற்குத் துப்பாக்கியைக் குறை சொல்லுமுன் தராசைப் பாருங்கள்.

சட்டத்தையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். 2016 ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத முனை ஆற்றலும் உள்ள ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம். அதற்கு முன் இருந்த சோதனை வேறு மாதிரி. ஐந்தடி தூரத்தில் வைத்த ஓர் அங்குல கனமுள்ள மென்மரப் பலகையைக் குண்டு துளைத்து வெளியே போகக் கூடாது என்பது பழைய கணக்கு. இப்போது ஜூல் என்று வந்துவிட்டதால் வேகத்தை மட்டும் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. 0.547 கிராம் பெல்லட்டுக்கு 20 ஜூல் என்பது 270 மீட்டர் வேகம். 0.67 கிராம் கனமான பெல்லட்டுக்கு 244 மீட்டரிலேயே 20 ஜூல் வந்துவிடும். ஒரே எல்லைதான், வேகம் வேறு. வேகத்தையும் எடையையும் சேர்த்துச் சொன்னால்தான் பேச்சுக்கு அர்த்தம்.

சரி, காற்று என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஏர்கன் பெல்லட் உடுக்கை மாதிரி இடுப்பு ஒடுங்கி, பின்பக்கம் விரிந்து, உள்ளே கூடாக இருக்கும். அந்த விரிந்த பின்பக்கம் காற்றை இழுத்துக்கொண்டே போவதால்தான் அது புரளாமல் நேராகப் போகிறது, வேகத்தை அவ்வளவு சீக்கிரம் இழப்பதும் அதனால்தான். காற்றின் தடை ஏறக்குறைய வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வருவதால் ஒரு வசதி உண்டு. சம தூரத்துக்குச் சம விகிதத்தில் வேகம் குறையும். என் துப்பாக்கியில் அந்த 0.547 கிராம் உருண்டைத் தலை பெல்லட்டுக்கு ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஆறரை சதவீதம் போகிறது. முனையில் வேகம் வினாடிக்கு 240 மீட்டர், ஆற்றல் 15.8 ஜூல். 10 மீட்டரில் 224, 13.8 ஜூல். 25 மீட்டரில் 203, 11.3 ஜூல். 50 மீட்டரில் 172, 8.1 ஜூல். அதாவது 50 மீட்டர் போவதற்குள் ஆற்றலில் கிட்டத்தட்ட பாதி காற்றுக்கே போய்விட்டது. அடுத்த 50 மீட்டரில் மிச்சத்தில் பாதி போகும்.

இந்த இழப்பை ஒரே எண்ணில் சொல்வதுதான் பாலிஸ்டிக் கோஎஃபிஷன்ட், சுருக்கமாக பி.சி. ஏர்கன் ஆட்கள் பயன்படுத்துகிற எளிய வழி ஒன்று இருக்கிறது. முனை வேகத்தைத் தூர வேகத்தால் வகுத்து, அதற்கு இயல் மடக்கை எடுத்து (போன் கால்குலேட்டரைப் படுக்கையாகத் திருப்பினால் ln என்ற பொத்தான் வரும்), அதை 8000-ஆல் பெருக்கி, யார்டில் இருக்கிற தூரத்தை அந்த விடையால் வகுக்க வேண்டும். எனக்கு 25 மீட்டர், அதாவது 27.3 யார்டு. 240-ஐ 203-ஆல் வகுத்து மடக்கை எடுத்தால் 0.167. விடை 0.020. இந்த ஓர் எண் கையில் இருந்தால் எந்தத் தூரத்துக்கும் வேகத்தைக் கணக்காகவே எடுக்கலாம். ஆனால் அந்த எண்ணை உங்கள் துப்பாக்கியில், உங்கள் பெல்லட்டில் அளந்துதான் எடுக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கிற பட்டியலில் இருந்து எடுத்துப் போட்டால் அது வேறு யாருடைய குழலிலோ வந்த எண். குழலின் வரிப்பள்ளங்கள் பெல்லட்டின் பின் விளிம்பை எப்படிக் கீறுகின்றன என்பதைப் பொறுத்துக்கூட இது மாறும்.

அளக்கிற கருவி என்றால் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது குரோனோகிராஃப். இரண்டு ஒளி சென்சார், நடுவில் தெரிந்த இடைவெளி, பெல்லட்டின் நிழல் முதல் சென்சாரைக் கடந்து இரண்டாவதைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணி வேகத்தைக் காட்டும். வேலை செய்கிற விதம் இவ்வளவு எளிது, ஆனால் வெளிச்சம் விஷயத்தில் படாதபாடு படுத்தும். தென்னை விளையில் வைத்துப் பாருங்கள். மேலே ஓலை ஆடுகிறது, கீழே வெயில் திட்டுத் திட்டாக நகர்கிறது, அந்த ஒளித்திட்டு சென்சார் மேல் ஏறி இறங்கும்போது யாரும் சுடாமலேயே ஓர் எண் வந்து நிற்கும். நான் செய்வது, மேகம் மூடிய நேரமாகப் பார்த்து வைப்பது, இல்லையென்றால் சென்சாருக்கு மேலே வெள்ளை வேட்டித் துணியை இழுத்துக் கட்டிவிடுவது. வீட்டுக்குள் வைத்தால் டியூப்லைட் சேராது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப்லைட் வினாடிக்கு 100 முறை மினுக்கும், கண்ணுக்குத் தெரியாது, சென்சாருக்குத் தெரியும். பேட்டரியில் எரிகிற விளக்கு சரியாக இருக்கும். முனையிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைக்கவும் வேண்டும், வெடித்து வருகிற காற்றே சில சமயம் சென்சாரைத் தூண்டிவிடும். ஸ்பிரிங் துப்பாக்கிக்குள் எண்ணெய் அதிகம் இருந்தால் முதல் சில குண்டுகளுக்கு அது உள்ளேயே எரிந்து வேகத்தைக் கூட்டிக் காட்டும், முனையில் மெல்லிய புகை தெரியும். சித்தப்பா கையில் கிடைக்கிற எண்ணெயை எல்லாம் விடுகிறவர், தேங்காய் எண்ணெய் உட்பட. அந்தத் துப்பாக்கியில் புகை நிற்கும்வரை சுட்டுவிட்டுத்தான் எண்ணைக் குறிக்க வேண்டியிருக்கிறது.

தூரத்தில் அளக்க அதே குரோனோகிராஃபைக் கொண்டுபோய் 25 மீட்டரில் வைக்கலாம். அதற்கு முன், அந்தத் தூரத்தில் உங்கள் பத்து குண்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழுகிறதா என்று காகிதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், கருவிக்கு முன்னால் அதன் உடல் பகுதியை மறைக்கிற மாதிரி ஒரு கனமான பலகையை நிறுத்துங்கள். பலகைக்கு மேலே சென்சார் பார்க்கிற வெளி மட்டும் திறந்திருந்தால் போதும். இரண்டு குரோனோகிராஃப் இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது, ஒரே பெல்லட்டை முனையிலும் தூரத்திலும் அளக்கலாம். ஆனால் முதலில் இரண்டையும் பக்கத்தில் ஒன்றன் பின் ஒன்றாக வைத்துச் சுட்டு, அவை ஒன்றோடொன்று எவ்வளவு முரண்படுகின்றன என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே பெல்லட்டுக்கு ஒன்று 238 என்றும் இன்னொன்று 243 என்றும் காட்டினால் அந்த 5 மீட்டர் கருவியின் குணம், அதைக் காற்றின் கணக்கில் எழுதக் கூடாது. இப்போது ராடார் வைத்த கருவிகள் வந்துவிட்டன, துப்பாக்கிப் பக்கத்தில் வைத்தாலே போதும், குண்டைத் துரத்திக்கொண்டே போய் வேகத்தைச் சொல்லும். விலைதான் துப்பாக்கியைத் தாண்டிவிடுகிறது.

எனக்குப் பிடித்தது ஒலி வழி. போனில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு 25 மீட்டரில் இருக்கிற தகட்டைச் சுட வேண்டும். பதிவில் முதலில் துப்பாக்கி வெடிக்கிற சத்தம், கொஞ்சம் கழித்து 'டிங்' என்று தகட்டுச் சத்தம். கோப்பைக் கணினியில் ஆடாசிட்டி என்கிற ஒலி மென்பொருளில் திறந்து பெரிதாக்கினால் இரண்டு சத்தமும் இரண்டு முகடாகத் தெரியும், நடுவில் இருக்கிற நேரத்தை மவுஸால் இழுத்தே படிக்கலாம். வினாடிக்கு 44,100 மாதிரி எடுக்கிற பதிவில் ஒரு மில்லி வினாடிக்குள் 44 புள்ளி இருக்கும், நமக்குத் தேவையான துல்லியம் தாராளமாக இருக்கிறது. ஒன்று மட்டும், போனில் இருக்கிற சாதாரண ரெக்கார்டர் இரைச்சலைக் குறைக்கிறேன் என்று சத்தத்தை மழுக்கிவிடும். சுருக்காமல் சேமிக்கிற ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சித்தப்பா திண்ணையில் இருந்து பார்த்துவிட்டுக் கேட்டார், "மக்களே, சத்தத்தை வச்சா வேகம் கண்டுபிடிக்கப் போற?"

அதை வைத்துத்தான். போன் துப்பாக்கிப் பக்கத்தில் இருக்கும்போது இரண்டு முகட்டுக்கும் நடுவே 185 மில்லி வினாடி வந்தது. இது பெல்லட் போன நேரமும் தகட்டுச் சத்தம் திரும்பி வந்த நேரமும் சேர்ந்தது. 30 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர், 25 மீட்டர் வர அதற்கு 72 மில்லி வினாடி. கழித்தால் 113. 25-ஐ 0.113-ஆல் வகுத்தால் 221 மீட்டர். இது சராசரி வேகம், முனையில் இருந்ததும் இல்லை, தகட்டில் இருந்ததும் இல்லை, கிட்டத்தட்ட நடுவழியில், பன்னிரண்டரை மீட்டரில் இருந்த வேகம். சராசரியை எடுத்துக்கொண்டு "25 மீட்டரில் 221" என்று எழுதுகிறவர்கள் நிறைய. அப்படி எழுதினால் தகட்டில் ஆற்றல் 13.4 ஜூல் என்று வரும், உண்மையில் அங்கே இருப்பது 11.3.

வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் ஒலியின் வேகம் 0.6 மீட்டர் ஏறும், அதனால் ஒவ்வொரு முறையும் வெப்பமானியைப் பார்த்துத்தான் கழிக்க வேண்டியிருந்தது. அந்தத் தொல்லையை ஒழித்தது சித்தப்பா மகன், பிளஸ் டூ படிக்கிறான். "அண்ணே, போனை சரியா நடுவுல வச்சா ரெண்டு சத்தமும் ஒரே தூரம்தானே வரணும்? அப்போ எதுக்குக் கழிக்கணும்?" என்றான். எவ்வளவு அழகான யோசனை. பன்னிரண்டரை மீட்டரில் போனை வைத்தால் துப்பாக்கிச் சத்தமும் 36 மில்லி வினாடி தாமதம், தகட்டுச் சத்தமும் அதே தாமதம். பதிவில் தெரிகிற இடைவெளிதான் பெல்லட் பறந்த நேரம், வெயில் எவ்வளவு அடித்தால் என்ன. போனைச் சுடுகிற கோட்டிலிருந்து பக்கவாட்டில் தள்ளித் தரையில் வைக்கலாம், இரண்டு முனையிலிருந்தும் சம தூரத்தில் இருந்தால் சரி. வைத்துவிட்டு ஆள் திரும்பி வந்த பிறகே துப்பாக்கியில் பெல்லட் போட வேண்டும், இதில் சமரசமே கிடையாது.

ஸ்பிரிங் துப்பாக்கியில் இன்னொரு நுணுக்கம். டிரிகரை இழுத்ததும் உள்ளே பிஸ்டன் பாய்ந்து மோதுகிற சத்தம், பெல்லட் முனையை விட்டு வெளியே வருகிற சத்தம் இரண்டும் ஒட்டி ஒட்டி வரும். பதிவில் எந்த முகட்டில் இருந்து எண்ணத் தொடங்குவது என்பதில் ஒன்றிரண்டு மில்லி வினாடி குழப்பம். இதற்கு நான் கண்ட வழி இரண்டு தூரத்தில் சுட்டுக் கழிப்பது. தகட்டை 20 மீட்டரில் வைத்துப் பறக்கிற நேரத்தை எடுக்கிறேன், 89 மில்லி வினாடி. அப்புறம் 30 மீட்டரில், 138. தொடக்கத்தில் இருக்கிற குழப்பம் இரண்டிலும் ஒரே அளவு, கழிக்கும்போது ஓடிப்போகும். மிச்சம் 49 மில்லி வினாடியில் 10 மீட்டர், அதாவது 204. நடுவில் இருக்கிற 25 மீட்டரில் பெல்லட்டின் வேகம் நேரடியாகக் கையில். குரோனோகிராஃப் அதே இடத்தில் 203 காட்டியது என்பதைப் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியாது. ஒவ்வொரு தூரத்திலும் ஐந்தாறு குண்டாவது சுட்டுச் சராசரி எடுங்கள். கழிக்கிற கணக்கில் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் பெரிதாகிவிடும், ஒரு குண்டு இரண்டு சதவீதம் மெதுவாகப் போனாலே விடை நான்கைந்து சதவீதம் நகரும்.

மூன்றாவது வழி பழைய வழி. எனக்கு அதில் தனி ஈடுபாடு, நம் மாவட்டத்துச் சரித்திரத்தோடு பக்கத்தில் வருவதால். 1741-இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மா படை டச்சுக்காரர்களை அடித்தது, அவர்கள் தளபதி டி லனாய் பிடிபட்டார், பிறகு திருவிதாங்கூர் படையைப் பழக்கினார், தக்கலை பக்கம் உதயகிரிக் கோட்டையில் அவர் மேற்பார்வையில் பீரங்கி வார்த்தார்கள், அவர் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. இதெல்லாம் இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதற்கு அடுத்த வருடம், 1742-இல், இங்கிலாந்தில் பெஞ்சமின் ராபின்ஸ் என்பவர் துப்பாக்கிக் குண்டின் வேகத்தை அளக்கிற முறையை அச்சிட்டு வெளியிட்டார். கனமான ஒரு மரக்கட்டையைத் தொங்கவிட்டு அதில் சுடுவது, கட்டை எவ்வளவு தூரம் ஆடுகிறது என்று பார்த்து வேகத்தைக் கணக்கிடுவது. அதே ஊசலைப் பல தூரங்களில் வைத்துச் சுட்டுத்தான் காற்றின் தடை அதுவரை எல்லோரும் நினைத்ததைவிட எவ்வளவோ அதிகம் என்று அவர் காட்டினார். நாம் இன்று தென்னை விளையில் செய்வது அவர் செய்ததேதான்.

வீட்டில் செய்வது கஷ்டமில்லை. ஒரு சின்ன டப்பாவில் பிசைந்த களிமண்ணை அடைத்து, மொத்தம் அரை கிலோ வருகிற மாதிரி வைத்து, ஒரு மீட்டர் நீளத்தில் நான்கு நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். ஒரே நூலில் கட்டினால் டப்பா சுழலும், அதில் ஆற்றல் போய்விடும். 203 மீட்டரில் வருகிற 0.547 கிராம் பெல்லட் பட்டதும் டப்பா வினாடிக்கு 22 சென்டிமீட்டர் வேகத்தில் நகரத் தொடங்கும், ஏழு சென்டிமீட்டர் வரை ஆடிப் பின்னால் போகும். பின்னால் இலேசான ஒரு தீக்குச்சியைத் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி வைத்தால் எங்கே நின்றது என்று ஸ்கேலில் படிக்கலாம். முனைக்குப் பக்கத்தில் சுட்டால் எட்டரை வரை வரும். ரப்பர் ஊர் என்பதால் பழைய ரப்பர் ஷீட்டை உள்ளே வைக்கலாமே என்று நினைப்பீர்கள், வேண்டாம். பெல்லட் பட்டுத் திரும்பினால் கட்டைக்கு உந்தம் கூடுதலாகப் போய் வேகம் பொய்யாக ஏறும். களிமண்ணில் பட்ட குண்டு அங்கேயே புதைந்து கிடக்க வேண்டும். களிமண் காயக் காய எடை இறங்கும், உள்ளே போகிற ஒவ்வொரு பெல்லட்டும் அரை கிராம் ஏற்றும், அதனால் அவ்வப்போது டப்பாவை அவிழ்த்து நிறுத்துப் பார்க்க வேண்டும். பொறுமை கேட்கிற வேலை. ஆனால் பேட்டரி வேண்டாம், வெளிச்சம் வேண்டாம், யாருடைய ஆப்பும் வேண்டாம், கண்ணால் பார்க்கிற ஆட்டத்திலிருந்து வேகம் வருகிறது. இயற்பியல் வாத்தியார்கள் இதைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்ட வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

இனி காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் இருப்பவர்களிடம் காற்றைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருப்பதே அதற்குத்தானே. ஆனி ஆடியில் தோவாளையில் நின்று சுட்டால் பெல்லட் எங்கே போகும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பக்கக் காற்று தள்ளுகிற அளவு, பெல்லட் பறக்கிற மொத்த நேரத்தைப் பொறுத்ததில்லை. காற்றுத் தடையால் எவ்வளவு தாமதமானது என்பதைப் பொறுத்தது. வேகம் குறையாமலே போயிருந்தால் 50 மீட்டர் போக 208 மில்லி வினாடி ஆகியிருக்கும், நிஜத்தில் 247 ஆகிறது. தாமதம் 39 மில்லி வினாடி. வினாடிக்கு 5 மீட்டர் பக்கக் காற்று என்றால் இரண்டையும் பெருக்க வேண்டியதுதான், 19 சென்டிமீட்டர் தள்ளும். அதே காற்றில் 25 மீட்டரில் நாலரை சென்டிமீட்டர்தான். 10 மீட்டரில் ஏழு மில்லிமீட்டர். தூரம் இரட்டித்தால் தள்ளல் நாலு மடங்கு. பி.சி. எண்ணை அளந்து வைத்திருப்பதன் நிஜமான பயன் எனக்கு இங்கேதான் தெரிந்தது. எங்கள் விளையில் ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவே காற்று வேறு வேறாக வீசும், அதைப் படிக்கத் தனிப் பழக்கம் வேண்டும், ஆனால் எவ்வளவு தள்ளும் என்ற அடிப்படை எண் தெரியாமல் பழக்கம் மட்டும் எங்கே கொண்டுபோய் விடும்? ஒலி வழியில் அளக்கிறவர்களுக்கு இன்னொன்று. சுடுகிற திசையிலேயே காற்று அடித்தால் ஒலியையும் அது இழுக்கும் தள்ளும், 5 மீட்டர் காற்றுக்கு 25 மீட்டரில் ஒரு மில்லி வினாடி விலகும். விடிகாலையில், ஓலை அசையாத நேரத்தில் செய்யுங்கள்.

பெல்லட்டின் தலை வடிவம் பற்றி. போட்டிகளில் பயன்படுத்துவது தட்டைத் தலை. 10 மீட்டரில் காகிதத்தில் கத்தரித்த மாதிரி வட்டமாக ஓட்டை போடும், புள்ளி எண்ண வசதி. அபினவ் பிந்த்ரா 2008 பெய்ஜிங்கில் தங்கம் வாங்கிய 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில், இலக்கின் நடுவில் இருக்கிற பத்துப் புள்ளியின் விட்டமே அரை மில்லிமீட்டர்தான். அந்த விளையாட்டுக்குத் தட்டைத் தலைதான் சரி. ஆனால் அதே பெல்லட்டை 50 மீட்டருக்கு அனுப்பினால் காற்று பிடித்து நிறுத்திவிடும். 240-இல் கிளம்பிய தட்டைத் தலை அங்கே போகும்போது 140-க்குக் கீழே இறங்கிவிடலாம், ஆற்றல் 5 ஜூல் பக்கம். உருண்டைத் தலைக்கு 172, 8 ஜூல். முனையில் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே எண்தான் காட்டியிருக்கும். மிக இலேசான உலோகக் கலவை பெல்லட்டும் அப்படித்தான், பெட்டியில் பெரிய எண் வர உதவும், முப்பது மீட்டர் தாண்டினால் கனமான ஈயப் பெல்லட்டிடம் தோற்றுவிடும். ஒலியின் வேகத்தை நெருங்கினால் தடை இன்னும் திடீரென்று ஏறும், குண்டும் தடுமாறும். எனவே துப்பாக்கி வாங்குகிறவர்கள் 220, 240 என்று மிதமாகக் கிளம்பி, சிதறாமல் போகிற ஜோடியைத் தேடுங்கள். பத்து குண்டுக்கும் வேக வித்தியாசம் சில மீட்டருக்குள் நின்றால் அது நல்ல துப்பாக்கி. வேகம் அதிகம் என்பதற்காக மட்டும் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். 10 மீட்டர் போட்டித் துப்பாக்கியின் முனை ஆற்றல் எட்டு ஜூலுக்கு அருகில்தான். என் துப்பாக்கியில் 50 மீட்டர் தாண்டிப் போகிற குண்டிடமும் அதே எட்டு ஜூல் மிச்சம் இருக்கிறது. 100 மீட்டரில் நான்கு ஜூல், வேகம் 120-க்கு மேல். ஒரு கண்ணை அழிக்க அது தாராளம். ஏர்கன்தானே, விளையாட்டுச் சாமான்தானே என்று வேலியோரம் நின்று சுடுகிறவர்கள் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். குண்டு போய் முடிகிற இடத்தில் மண்மேடு இருக்க வேண்டும். தென்னைத் தடி தடுப்பு ஆகாது, வளைந்த மேல்பாகத்தில் பட்டுச் சிதறும். குளத்துத் தண்ணீரும் ஆகாது, தட்டி எழும்பிப் போகும். தகட்டைச் சங்கிலியில் தொங்கவிட்டு மேல்பக்கம் நம்மை நோக்கிச் சாய்ந்திருக்கும்படி கட்டினால் சிதறுகிற ஈயம் தரையில் விழும். 10 மீட்டருக்குள் தகட்டில் சுடவே கூடாது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஈயம் தொட்ட கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

பறவை சுடுகிற பேச்சோடு யாரும் என்னிடம் வர வேண்டாம். கொக்கோ, நாரையோ, காட்டில் இருக்கிற எதுவோ, 1972 வனவிலங்குச் சட்டத்தின்படி அது குற்றம். சுசீந்திரம், தேரூர் குளங்களுக்கு எங்கிருந்தெல்லாமோ பறவை வருகிறது, 2022-இல் அந்த இடம் முக்கியமான ஈரநிலங்களுக்கான உலக ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே ஏர்கன்னைத் தூக்கிக்கொண்டு திரிகிறவனைப் பார்த்தால் எனக்கு வருகிற கோபம் கொஞ்சம் இல்லை.

நோட்டில் என்னென்ன எழுதுகிறேன் என்று கேட்பவர்களுக்கு: பெல்லட் டப்பாவின் லாட் எண் (எந்தத் தொகுப்பில் தயாரானது என்று காட்டுவது), ஐம்பது பெல்லட்டின் மொத்த எடை, வெப்பம், காற்று எந்தப் பக்கம், தகட்டின் தூரம் டேப்பில் அளந்தது (நடந்து காலடி எண்ணியது இல்லை), போன் இருந்த இடம், ஒவ்வொரு குண்டின் நேரமும் தனித்தனியாக. சராசரியை மட்டும் எழுதினால் பிறகு சந்தேகம் வரும்போது திரும்பிப் பார்க்க ஒன்றும் இருக்காது. ஒலிப்பதிவுக் கோப்புகளையும் தேதி போட்டு வைத்திருக்கிறேன்.

75 மீட்டரில் இன்னும் முடிக்கவில்லை. அங்கே தகட்டுச் சத்தம் போனுக்கு மெலிதாகத்தான் கேட்கிறது, தகட்டுப் பக்கத்தில் இரண்டாவது போன் வைத்து இரண்டு பதிவையும் பொருத்துவது எப்படி என்று தம்பி யோசித்துக்கொண்டிருக்கிறான். அளப்பதற்கு முன்னால் ஒரு கைதட்டலை இரண்டு போனுக்கும் நடுவில் நின்று பதிவு செய்தால் போதும் என்கிறான், எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. மாசி, பங்குனியில் காற்று அடங்கியதும் செய்வோம். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் யாரிடமாவது ராடார் குரோனோகிராஃப் இருந்தால் அன்றைக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள், ஒரே குண்டை இரண்டு வழியிலும் அளந்து பார்க்கலாம். இளநீர் சித்தப்பா வெட்டித் தருவார்.